பேரிங் மாற்றியபிறகு ரிமோட் கார் இழுக்கவில்லை – பழைய புஷ்ஷையே போட்டுவிடலாமா?

கேஆர்பி_கரை (கிருஷ்ணகிரி)
அவசரம். ஞாயிற்றுக்கிழமை டேம் பக்கம் ஓட்டுவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். வண்டியில் அச்சுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்) எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டதால் மொத்தத்தையும் கழற்றிவிட்டு பேரிங் (உள்ளே உருண்டைகள் வைத்த வளையம்) போட்டேன். இப்போது முன்பைவிட மோசம். முக்கி முக்கி நகர்கிறது, மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. பேரிங் போட்டால் ஃப்ரீயாக ஓடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறீர்கள்? பழைய புஷ்ஷையே திரும்பப் போட்டுவிடவா? சீக்கிரம் சொல்லுங்கள்.

தொப்பூர்_மேடு
என்ன வண்டி? நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவா (1/10), 1/16-ஆ? இரண்டு சக்கர டிரைவா, நான்கா? என்ன அளவு பேரிங் போட்டீர்கள்? சக்கரத்தில் மட்டுமா, கியர்பாக்ஸிலுமா? இதையெல்லாம் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பென்னாகரம்_12வோல்ட்
மோட்டார் சூடு என்றாலே நான் முதலில் பார்ப்பது பினியனை, அதாவது மோட்டார் முனையில் இருக்கும் சின்னக் கியரை. பேரிங் மாற்றக் கழற்றும்போது மோட்டாரையும் கழற்றியிருப்பீர்கள், திரும்பப் பூட்டும்போது பினியனை அது சுற்றும் பெரிய கியரோடு (ஸ்பர் கியர்) ஒட்டி இறுக்கியிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நோட்டுத் தாளை விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். அப்புறம் கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தால் இடைவெளி சரியாக இருக்கும். பேரிங் மேல் பழி போட வேண்டாம்.

மாங்காய்த்தோப்பு (காவேரிப்பட்டணம்)
ரப்பர் சீல் பேரிங்கா, தகர மூடியா? ரப்பர் சீல் என்றால் அதன் உதடு உள் வளையத்தில் உரசும், புதிதில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாகிவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பத்துக்கு_ஒன்று
மாதத்துக்கு ஒருவர் வந்து இதையே கேட்கிறார். பழைய இழைகளில் தேடும் வழக்கம் ஒருவருக்கும் இல்லை. அளவு பார்க்கும் வெர்னியர் வாங்கக் காசில்லாதவர்கள் வண்டியைப் பிரிக்கக் கூடாது என்பது என் கொள்கை. மோட்டார் கருகியபிறகு "எந்த மோட்டார் நல்லது" என்று இன்னோர் இழை வரும். காத்திருக்கிறேன்.

தொப்பூர்_மேடு
சார், அவர் கேட்டது உதவி. வெர்னியரைப் பற்றிச் சொன்னது சரி, மீதி எதற்கு?

லேத்_பட்டறை (தருமபுரி)
தம்பி, பேரிங் வேண்டாம், புஷ்ஷே போடு. ஆனால் பிளாஸ்டிக் வேண்டாம். கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) ராடு வாங்கி லேத்தில் கடைந்து போட்டால் வண்டி இருக்கும்வரை புஷ் இருக்கும். பேரிங்கில் ஒரு மண் துகள் உள்ளே போனால் போதும், கரகர என்று கத்த ஆரம்பித்துவிடும். புஷ்ஷில் மண் போனால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தால் முடிந்தது. குதித்து விழும் அடியையும் புஷ்தான் தாங்கும். பேரிங்கில் அந்த அடி முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் மேல் விழும்.

ஓசூர்_டூல்ரூம்
அண்ணா, அடி தாங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மண் விஷயத்தில்தான் பாதியை விட்டுவிட்டீர்கள். புஷ் மென்மையான பொருள். மண் துகள் அதில் பதிந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு தேய்வது புஷ் மட்டும் அல்ல, உள்ளே சுற்றும் ஸ்டீல் அச்சும்தான். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் தூள் இல்லாத சாலையோரம் ஏது? கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 7. சாதாரண ஸ்டீல் அச்சு அதற்கு ஈடு கொடுக்காது. புஷ் பத்து ரூபாய் சாமான், அச்சு அப்படி இல்லை.

லேத்_பட்டறை
நாற்பது வருடமாகப் புஷ் கடைகிறோம், மோட்டார் பம்பு முதல் கரும்பு மெஷின் வரை. எங்களுக்கே பாடமா?

ஓசூர்_டூல்ரூம்
பாடம் இல்லை அண்ணா. கடைந்தெடுத்த கன்மெட்டல் கெட்டியான உலோகம், எண்ணெயைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது. பம்பில் எண்ணெயோ கிரீஸோ தண்ணீரோ போய்க்கொண்டே இருக்கும், அதனால் நிற்கிறது. இந்தப் பொம்மை வண்டிக்கு யார் ஓட்டத்தின் நடுவே எண்ணெய் விடுவது? வேண்டுமானால் டேபிள் ஃபேன் மோட்டாரில் வரும் ரகத்தைப் போடலாம். வெண்கலப் பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்வது, உடம்பெல்லாம் நுண்துளை, துளையெல்லாம் எண்ணெய். சுற்றிச் சூடேறும்போது எண்ணெய் வெளியே வரும், ஆறினால் திரும்ப உள்ளே போகும். அதை லேத்தில் மழுங்கிய டூலால் கடைந்தால் துளைகள் அடைந்துவிடும், அதனால் அளவுக்கே கிடைத்தால்தான் பயன்.

பென்னாகரம்_12வோல்ட்
மிக்ஸியிலும் அதே புஷ்தான். அம்மா இட்லி மாவு அரைத்தே அதைத் தேய்த்துவிட்டார்.

லேத்_பட்டறை
மிக்ஸி புஷ் போனால் என்னிடம்தான் வருகிறார்கள். நான் கடைந்துதான் போடுகிறேன். ஓடுகிறதா இல்லையா என்று ஊரில் கேட்டுப் பார்.

மாங்காய்த்தோப்பு
மிக்ஸிக்குத் தனி இழை திறங்கள். கேள்வி கேட்டவர் எங்கே?

கேஆர்பி_கரை
வந்துவிட்டேன், வேலையில் இருந்தேன். 1/10, பின்சக்கர டிரைவ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பெட்டியோ புத்தகமோ இல்லை. சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் ஆறுமூலைத் துண்டு, அதுதான் ஹெக்ஸ், 12 மிமீ. ஓட்டுவது செம்மண்ணில், சில சமயம் டேம் ஓரச் சேற்றில். பழைய புஷ்ஷைக் கடையில் காட்டித்தான் பேரிங் வாங்கினேன். உள் ஓட்டை அதே 5, வெளி அளவு அதே 11. மேலே 685 இசட்இசட் என்று எழுதியிருக்கிறது, தகர மூடி. சக்கரத்திலும் கியர்பாக்ஸிலும் அதுதான். கியர்பாக்ஸ் மூட மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, ஸ்க்ரூவை அழுத்தி இறுக்கிவிட்டேன். பினியன் தாள் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது.

தொப்பூர்_மேடு
ஒன்று செய்யுங்கள். பின்சக்கர நட்டை அரைச்சுற்று தளர்த்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்புறம் இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். வித்தியாசம் தெரிகிறதா?

கேஆர்பி_கரை
தளர்த்தினால் நன்றாகச் சுற்றுகிறது. இறுக்கினால் பிடித்துக்கொள்கிறது!

ஓசூர்_டூல்ரூம்
அப்படியானால் தடிமனைப் பாருங்கள். 685 என்றால் 5×11 சரிதான். ஆனால் மூடி இல்லாத 685-இன் அகலம் 3 மிமீ, இரண்டு பக்கமும் மூடி வரும் 685 இசட்இசட் 5 மிமீ. உங்கள் புஷ்ஷின் அகலம் பெரும்பாலும் 4 மிமீ இருக்கும், அளந்து பாருங்கள். 1/10 வண்டிகளில் பரவலாக வருவது 5×11×4. தமியா கம்பெனி கிட்களில் 1150 என்று சொல்வதும் இதே அளவுதான். பேரிங் கடையில் எம்ஆர்115 என்று கேட்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். சரியான அகலத்தில், நட்டை இறுக்கும்போது ஹெக்ஸ் போய் அச்சில் இருக்கும் குறுக்குப் பின்னில் உட்காரும். இறுக்கம் முழுவதையும் பின் வாங்கிக்கொள்ளும், பேரிங்குக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வண்டியில் பேரிங் உட்காரும் கூடான ஹப்புக்கு இரண்டு பேரிங், ஒவ்வொன்றும் ஒரு மிமீ வெளியே துருத்துகிறது. ஹெக்ஸ் பின்னுக்குப் போய்ச் சேருமுன்பே பேரிங்கின் உள் வளையத்தில் முட்டிவிடுகிறது. நட்டை இறுக்க இறுக்க உள் வளையம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. வெளி வளையமோ ஹப்பில் நின்றபடி நிற்கிறது. நடுவில் உருண்டைகள் நசுங்குகின்றன. கியர்பாக்ஸ் மூடாமல் அடம்பிடித்ததும் இதே காரணம்தான். அங்கே ஸ்க்ரூ இறுக்கத்தில் இரண்டு பாதியும் சேர்ந்து பேரிங்கை அழுத்துகின்றன. மோட்டார் சூடாகாமல் என்ன செய்யும்?

பத்துக்கு_ஒன்று
வெர்னியர் என்று முதலிலேயே சொன்னேன்.

பென்னாகரம்_12வோல்ட்
சொன்னீர்கள், திட்டுக்கு நடுவே.

மாங்காய்த்தோப்பு
எம்ஆர்115 வாங்கும்போது 2ஆர்எஸ் கேளுங்கள், அதாவது ரப்பர் சீல். தகர மூடிக்கும் உள் வளையத்துக்கும் நடுவே மெல்லிய சந்து இருக்கும், டேம் ஓரச் சேறு அதில் தாராளமாகப் போகும். ரப்பர் சீல் கொஞ்சம் இழுக்கும், ஆனால் இந்த அளவு வண்டியில் அது பெரிய விஷயம் இல்லை. வேகத்துக்காக உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவி எண்ணெய் விடும் வேலை தார் ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு. நமக்கு கிரீஸ் இருக்கட்டும். சேற்றில் ஓட்டியபிறகு ரப்பர் சீலைக் குண்டூசி முனையால் உள் ஓரத்தில் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, கிரீஸ் அடைத்து மூடலாம். சீல் நெளிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேஆர்பி_கரை
சரி. ஆனால் எல்லா இடத்திலும் பேரிங் வேண்டுமா? கொஞ்சம் காசு மிச்சமானால் நல்லது.

ஓசூர்_டூல்ரூம்
வேண்டாம். எது வேகமாகச் சுற்றுகிறதோ அதற்கு முதலில். 110 மிமீ டயரை 30 கிமீ வேகத்தில் ஓட்டினால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்று சுற்றும். மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் அச்சு அதைப் போல் சில மடங்கு. அங்கே பிளாஸ்டிக் புஷ் சூட்டில் இளகி முட்டை வடிவமாகிவிடும், கியர்களின் இடைவெளி மாறி ஸ்பர் பல் உதிரும். கியர்பாக்ஸ் மூடியிருப்பதால் பேரிங் அங்கே நீண்ட நாள் இருக்கும். காசு குறைவென்றால் முதலில் கியர்பாக்ஸ், அடுத்தது பின்சக்கரம், கடைசியாக முன்சக்கரம்.

முன்சக்கரத்தைத் திருப்பும் நெம்பான ஸ்டியரிங் பெல்கிராங்கில் புஷ்ஷே போதும். அது முழுச்சுற்று சுற்றுவதே இல்லை, இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். பேரிங் போட்டால் உருண்டைகள் ஒரே இடத்தில் தட்டித் தட்டி அங்கே பள்ளம் விழும். அந்த இடத்தில் அண்ணா சொல்லும் கன்மெட்டல் புஷ்ஷைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

லேத்_பட்டறை
இப்போதாவது ஒப்புக்கொண்டாயே. பழைய புஷ்ஷை மாதிரிக்குக் கொண்டுவா தம்பி, ஸ்டியரிங்குக்குக் கடைந்து தருகிறேன். சக்கரத்துக்கும் கேட்டால் தருவேன், ஓசூர்க்காரரிடம் சொல்லாதே.

தொப்பூர்_மேடு
685-ஐத் தூக்கிப் போடுமுன் ஒவ்வொன்றாக விரலில் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் குப்பை. வழுக்கிக்கொண்டு சுற்றினால் வேறு எதற்காவது ஆகும், இந்த வண்டிக்கு மட்டும் வேண்டாம்.

கேஆர்பி_கரை
அளந்தேன், புஷ் 4, பேரிங் 5. எம்ஆர்115 2ஆர்எஸ் ஓசூரில் கிடைத்தது. பின்சக்கரத்தில் போட்டாயிற்று, நட்டு இறுக்கியும் சுற்றுகிறது. எல்லோருக்கும் நன்றி.

தொப்பூர்_மேடு
கியர்பாக்ஸ்? அங்கேயும் 685தானே இருக்கிறது, மாற்றினீர்களா?

ஓசூர்_டூல்ரூம்
அதை மாற்றாமல் ஞாயிறு ஓட்டாதீர்கள். சக்கரம் ஃப்ரீயாகச் சுற்றுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், மோட்டார் சுமை இன்னும் அப்படியேதான் இருக்கும். பிரிக்கும்போது இறுக்கிய ஸ்க்ரூ துளைகளில் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாங்காய்த்தோப்பு
ஆளைக் காணோம்.

பத்துக்கு_ஒன்று
மோட்டார் இழைக்காகக் காத்திருக்கிறேன் என்றேனே.