குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றலாமா?

மரத்தூள்: எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே இடம் குறைவு, கதவைச் சாத்தவே ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கும் வயதாகிறது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற நினைக்கிறேன். கீலை மாற்றினால் போதுமா, நிலையையே பெயர்க்க வேண்டுமா?

குறுக்குச்சட்டம்: வேண்டாத வேலை. நிலையைப் பாருங்கள், கதவு போய் உட்கார அதன் கனத்துக்கு உள் ஓரத்தில் பள்ளம் எடுத்திருப்பார்கள். எந்தப் பக்கம் திறக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பள்ளம்தான், கீல் அல்ல. பழைய பள்ளத்தை மரம் வைத்து அடைத்து, வெளி ஓரத்தில் புதிதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலையைப் பெயர்த்துத் திருப்ப வேண்டும், அதில் பூச்சும் ஓடும் உடையும். இத்தனையும் செய்த பிறகு, நடைவழியில் போகிறவர் முகத்தில் கதவு இடிக்கும்.

வாசல்மணி: இடித்தால் வீங்கும், அவ்வளவுதானே. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவை ஒட்டி விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தள்ளத் தள்ளக் கதவு அவர் மேல்தான் அழுத்தும். அப்பாவுக்காக என்றால் மாற்றியே ஆக வேண்டும்.

குறுக்குச்சட்டம்: அதற்குத்தான் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற பூட்டு இருக்கிறதே.

வாசல்மணி: பூட்டு திறக்கும் சார், கதவு திறக்காது.

ஈரத்தரை: ஒன்றை எல்லோரும் மறக்கிறீர்கள். குளித்து முடித்ததும் கதவின் உள்முகத்தில் ஈரம் வழியும். இப்போது அது குளியலறைக்குள்ளேயே சொட்டுகிறது. வெளியே திறந்தால் நடையில் சொட்டும். வயதானவர் கால் வைக்கும் இடம் அது. அப்புறம், வெளித்தரை உயரமாக இருந்தால் கதவின் அடியை அறுக்க வேண்டி வரும். அறுத்த இடத்தில் உடனே பெயின்ட் பூசாவிட்டால் தண்ணீர் ஏறி உப்பிவிடும்.

வாசல்மணி: கால்மிதி போட்டால் தீர்கிற பிரச்சினை இது.

ஈரத்தரை: நழுவுகிற கால்மிதியா? நன்றாயிருக்கிறது.

மரத்தூள்: இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் நிலையில் பள்ளமே இல்லை. சமதளமான மரம், கதவு முட்டி நிற்க ஒரு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

குறுக்குச்சட்டம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியென்றால் நிலையைத் தொட வேண்டாம். ரீப்பரைப் பெயர்த்து உள்பக்கம் தள்ளி அடித்தால் போதும்.

உளிக்காரன்: நான் தச்சு வேலை செய்பவன். கதவைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, நிலையின் எதிர்ப்பக்கக் காலில் (நிற்கும் சட்டத்தில்) மாட்டுங்கள். கதவில் இருக்கும் கீல் வெட்டு அப்படியே உதவும், பூட்டு நாக்கின் சரிவும் சரியான பக்கம் பார்க்கும். நிலையில் மட்டும் கீலுக்குப் புது வெட்டு போட்டு, பழையதை மரத்துண்டு ஒட்டி அடைக்க வேண்டும். ஆனால் உள்தாழ்ப்பாள் வெளியே வந்துவிடும்! அதைக் கழற்றி மறுமுகத்தில் போடுங்கள். உள்முகத்தில் தண்ணீர் படாமலிருக்கத் தகடு அடித்திருந்தால் அதுவும் அப்படித்தான்.

குறுக்குச்சட்டம்: கீல் பக்கம் மாறினால் கதவு வேறு சுவரில் போய்ச் சாயும். அங்கே விளக்கு சுவிட்ச் இருந்தால்? எதிர் அறைக் கதவும் நடைக்கே திறந்தால்?

உளிக்காரன்: கீல் அதே காலில்தான் வேண்டும் என்றால் கதவிலும் புது வெட்டு போட வேண்டும், பூட்டு நாக்கையும் திருப்ப வேண்டும். சில பூட்டுகளில் நாக்கைத் திருப்ப முடியும், சிலவற்றில் முடியாது. வேலை கூடும், அவ்வளவுதான்.

வாசல்மணி: சறுக்குக் கதவு போட்டுவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

ஈரத்தரை: பக்கத்துச் சுவரில் கதவின் அகலத்துக்குக் காலி இடம் இருந்தால்தானே!

மரத்தூள்: இல்லை, அந்தச் சுவரில்தான் சுவிட்ச் பலகை இருக்கிறது. எதிர் அறைக் கதவு உள்ளே திறக்கிறது, அதனால் இடிக்காது. நடை அகலத்தை நாளை அளந்து போடுகிறேன்.

குறுக்குச்சட்டம்: கதவை முழுக்கத் திறந்து வைத்தபடி அப்பா கடந்து போக இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் நான் முதலில் சொன்னதுதான், வேண்டாத வேலை.