ரசிகர் மாஷப்புக்கு ரெண்டு கிளைம் வந்திருக்கு, டிஸ்ப்யூட் போட்டா நிக்குமா?

தெப்பக்குளம் எடிட்ஸ்:
வணக்கம்ணே. மன்றத்துக்காக 4 நிமிஷம் 10 நொடிக்கு ஒரு மாஷப். ஏழு படத்துக் காட்சி, மேல ஒரு பாட்டு. யூடியூப்ல ஏத்துன அரை மணி நேரத்துல ரெண்டு கிளைம், அதாவது 'இது எங்களுது'ன்னு உரிமை கோரல். 0:42 முதல் 1:15 வரை பாட்டுக்கு: வீடியோ ஓடும், வருமானம் ஆடியோ கம்பெனிக்கு. 1:50 முதல் 2:04 வரை காட்சிக்கு: எல்லா நாட்டுலயும் பிளாக். போன மாசம் ஒரு ஷார்ட்ஸுக்கு ஸ்ட்ரைக்கும் வாங்கியிருக்கோம். காசுக்காகப் பண்ணல, "உரிமை உரியவர்களுக்கே"ன்னு கீழ எழுதியும் இருக்கோம். இந்தக் கிளைமை மறுத்து டிஸ்ப்யூட் போடலாமா? அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள வீடியோ ஓடணும்.

செல்லூர் கட்:
போடாதீங்க தம்பி. கிளைம் வேற, ஸ்ட்ரைக் வேற. கிளைம்ங்கிறது கன்டென்ட் ஐடிங்கிற யூடியூபோட மெஷின் தானா பிடிக்கிறது, அதனால சேனலுக்குச் சேதாரம் இல்ல. ஸ்ட்ரைக் உரிமைக்காரர் நீக்கச் சொல்லி மனு கொடுத்து வர்றது. 90 நாளுக்குள்ள மூணு விழுந்தா சேனலே போயிரும்.

டிஸ்ப்யூட் போட்டா பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள் இருக்கு. திருவிழாவே முடிஞ்சிரும். அதுக்கு மேல, அவங்க கோபப்பட்டு நீக்கல் மனு போட்டா சும்மா கெடந்த கிளைம் ரெண்டாவது ஸ்ட்ரைக் ஆயிரும்.

செய்ய வேண்டியது இது. யூடியூப் ஸ்டூடியோவுல அந்த வீடியோவுக்கு நேரா இருக்கிற காப்பிரைட் அறிவிப்பைத் தொட்டு விவரத்தைத் திறங்க. பிளாக் ஆன 14 நொடியை மட்டும் ட்ரிம் பண்ணுங்க. லிங்க்கும் வியூஸும் அப்படியே நிக்கும். பாட்டுக் கிளைமை விட்டுருங்க, ஓடத்தான் விடுறாங்களே! டிலீட் பண்ணி மறுபடி ஏத்துறது வீண், அதே கிளைம் திரும்ப வரும். பழைய ஸ்ட்ரைக்கும் ஷார்ட்ஸை அழிச்சா போகாது. யூடியூப் குடுக்கிற காப்பிரைட் பாடத்தை முடிச்சிட்டு 90 நாள் காத்திருக்கணும்.

தெப்பக்குளம் எடிட்ஸ்:
படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பி, பாட்டுக்குப் பிட்ச் ஏத்துனா தப்பிக்கலாம்னு பசங்க சொல்றாங்களே?

மேலமாசி ரெண்டரிங்:
மெஷின் இன்னைக்கு விட்டாலும் உரிமைக்காரர் கண்ணுல பட்டா நேரா ஸ்ட்ரைக்தான். பார்க்கவும் கண்றாவியா இருக்கும்.

அடுத்த தடவை இப்படிச் சோதிங்க. முதல்ல சத்தமில்லாத படத்தை மட்டும் பிரைவேட்டா ஏத்துங்க. அப்புறம் கறுப்புத் திரையில சத்தத்தை மட்டும் தனியா ஏத்துங்க. ஏத்தும்போதே காப்பிரைட் செக் ஓடும். எது மாட்டுது, எந்த நொடியில மாட்டுதுன்னு பிரிஞ்சு தெரிஞ்சிரும். படத்துக்கு ஒருத்தர், ஒலிப்பதிவுக்கு ஒருத்தர், வரிக்கும் மெட்டுக்கும் வேறொருத்தர்னு உரிமை பிரிஞ்சு கெடக்கும். ஒருத்தர் சரின்னா மத்தவங்க சரின்னு அர்த்தமில்ல.

பாட்டுக்குப் பதிலா நாயனம், தவில் பதிவு பண்ணிப் போடலாம். மல்லாரி வாசிக்கச் சொல்லுங்க, பழைய மரபு உருப்படி, மெட்டுக்கு யாரும் உரிமை கேக்க முடியாது. அதே நாயனத்துல சினிமாப் பாட்டை வாசிச்சா மெட்டு உரிமை வந்து நிக்கும். வாசிச்சவங்களுக்கும் தனி உரிமை உண்டு, நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க.

கோர்ட்டு ரோடு:
சட்டப் பக்கம் சொல்றேன். காசு வாங்கலைங்கிறது மட்டும் தற்காப்பு ஆகாது, "உரிமை உரியவர்களுக்கே"ங்கிற வரியும் ஆகாது. 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52(1)(a) சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி இதுக்குத்தான் இடம் குடுக்குது. வெறும் கொண்டாட்ட ரீமிக்ஸை அதுல அடக்குறது கஷ்டம். நீங்க பேசி, காட்சியை நிறுத்தி நிறுத்தி அலசுனா விமர்சனம்னு வாதாடலாம், அப்பக்கூட தேவையான அளவு துண்டு மட்டும்.

பழைய படம்னா வழி இருக்கு. படத்துக்கு உரிமை வெளியான வருஷம் முடிஞ்சதுல இருந்து 60 ஆண்டு. 1964-ல வந்த படத்துக்கு 2024 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. அங்க கிளைம் வந்தா டிஸ்ப்யூட் போடுறதுல நியாயம் இருக்கு. ஆனா பாட்டைத் தொடும்போது கவனம்: எழுதுனவர், இசையமைச்சவர் இறந்து 60 ஆண்டு தாண்டியிருக்கணும்.

ஸ்ட்ரைக்குக்கு எதிர் அறிவிப்பு குடுக்கணும்னு தோணுச்சுன்னா, உங்க முழுப் பேரும் முகவரியும் எதிராளி கைக்குப் போகும்னு தெரிஞ்சுக்கங்க. மெய்யாலுமே தப்பா விழுந்த ஸ்ட்ரைக்குக்கு மட்டும் அது.

இன்னொண்ணு. முதல் நாள் தியேட்டர்ல செல்போன்ல திரையைப் பிடிச்ச துண்டு ஏதாவது இருந்தா உடனே தூக்கிருங்க. 2023 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்குக் குறைஞ்சது 3 மாசம் சிறை, 3 லட்சம் அபராதம்.

தெப்பக்குளம் எடிட்ஸ்:
தியேட்டர் ஷாட் ஒண்ணு இருந்துச்சு, அதையும் சேர்த்து வெட்டிட்டேன். வெட்டுனது சேவ் ஆகாம ஒரு மணி நேரமா சுத்திக்கிட்டே இருக்குண்ணே.

செல்லூர் கட்:
சுத்தட்டும். சில மணி நேரம்கூட ஆகும். நடுவுல கைய வச்சிராதீங்க.