பழைய ஜீப்: பின் ஷாஃப்ட் கிராஸ் மாற்றியும் மறுபடி ஆட்டம், என்ன பார்க்க வேண்டும்?

ஏலமலை ஜீப்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மகிந்திரா சி.ஜே. 3பி, குட்டை சேஸி, ஃபோர் வீல் டிரைவ். பெட்ரோல் எஞ்சினை அப்பா காலத்திலேயே இறக்கிவிட்டு டீசல் ஏற்றியாச்சு. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு உரமூட்டை, பைப், சில நாள் வேலையாட்கள் என்று ஓடுகிற வண்டி. தார் ரோடு முடிந்ததும் பாறையும் சேறும்தான். நடுவில் ஓர் ஓடையும் உண்டு.

ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் போட்டு கிளட்சை விட்டால் அடியில் ‘டக்’கென்று ஒரு இடி. மெதுவாக உருளும்போது கீச் கீச் சத்தம், வேகம் கூடக்கூட அந்தச் சத்தமும் வேகமாகிறது. நாற்பதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதிர்வு. மழைக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டில், ஹவுசிங் (பின் அச்சுக்கூடு) பக்கத்து கிராஸைப் (மடங்கிச் சுற்றும் மூட்டு) புதிதாகப் போட்டார்கள். அதற்குள் கப் (கிராஸின் முனையை மூடும் பேரிங் கிண்ணம்) ஓரத்தில் சிவப்பாகத் துருப்பொடி வருகிறது. இப்போது ஷாஃப்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

உண்மையிலேயே ஷாஃப்ட் போய்விட்டதா, கிராஸ் மட்டும்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் வைஸ், சாக்கெட் செட், கிரீஸ் கன் இருக்கிறது. பிரஸ் கிடையாது. நானே மாற்றலாமா?

தேனி பட்டறை

தம்பி, தாராளமா மாத்தலாம். ஆனா அடியில படுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். உங்க வண்டியில ஹேண்ட் பிரேக் டிரம் பின் சக்கரத்துல இல்லை, டிரான்ஸ்பர் கேஸுக்குப் (முன், பின் சக்கரத்துக்கு இழுவையைப் பிரிச்சுக் கொடுக்குற பெட்டி) பின்னாடி இருக்கு. ஷாஃப்டைக் கழட்டின அந்த நிமிஷமே ஹேண்ட் பிரேக்குக்கும் பின் சக்கரத்துக்கும் சம்பந்தம் அத்துப் போச்சு. கியர்ல போட்டிருந்தாலும் பின் சக்கரத்தை அது பிடிக்காது. அதனால சமதரை, நாலு சக்கரத்துக்கும் ரெண்டு பக்கமும் கட்டை. மலையில சரிவுல நிறுத்தி ஷாஃப்டைக் கழட்டவே கூடாது. இதுல உயிரே போயிடலாம்ங்கிறதால முதல்லயே சொல்றேன்.

இனி சோதனை. கட்டை கொடுத்துட்டு நியூட்ரல்ல வைங்க. ஒரு கையால ஹவுசிங் யோக்கை (கிராஸைப் பிடிக்குற கவை, பினியன் பக்கம்) அசையாம பிடிச்சுக்கிட்டு, மறு கையால ஷாஃப்டை முறுக்குங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் கிராஸ் போச்சு. ரெண்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்பி, அப்புறம் நின்னா அது கிரவுன் பினியன் (ஹவுசிங் உள்ளே இருக்குற பல்சக்கரங்கள்) ஆட்டம். பழைய வண்டியில கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதுக்குப் பயப்பட வேண்டாம். இதே மாதிரி டிரான்ஸ்பர் கேஸ் பக்கமும் பாருங்க. அந்தப் பக்கம் யோக்கையே பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. நட்டு லூசா இருந்தாலோ உள்ளே பேரிங் போயிருந்தாலோ அங்கேயும் ‘டக்’ வரும். கடைசியா ஸ்லிப் பகுதி, அதான் நீளம் கூடிக் குறையுற இடம். அதை மேல கீழ தூக்கிப் பாருங்க. அங்க பல் தேஞ்சிருந்தா மட்டும்தான் ஷாஃப்ட் மாத்தணும்ங்கிற பேச்சு.

துருப்பொடி வருதுன்னா உள்ளே கிரீஸ் இல்லை, தண்ணி புகுந்திருக்கு. கீச் சத்தமும் அதேதான், ஊசி பேரிங் காஞ்சு போய்க் கத்துது. ஆனா புதுசு இவ்வளவு சீக்கிரம் போறதுக்கு வேற காரணமும் இருக்கலாம். ஸ்லிப் மேல ரெண்டு அம்புக்குறி இருக்கும், அது நேருக்கு நேர் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

ஏலமலை ஜீப்

அண்ணே, ரொம்ப நன்றி. பார்த்துவிட்டேன். ஹவுசிங் பக்க கிராஸில் ஆட்டம் நன்றாகவே தெரிகிறது. டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் இறுக்கமாக இருக்கிறது. ஸ்லிப்பில் ஆட்டம் இல்லை.

அம்புக்குறி ஒன்றுதான் முதலில் தெரிந்தது. மற்றது கறுப்புப் பெயின்டுக்கு அடியில் இருந்தது. எமரி போட்டுத் தேய்த்ததும் வெளியே வந்தது. இரண்டும் நேராக இல்லை, சில பல் தள்ளி நிற்கிறது.

மேட்டுப்பாளையம் லேத்

அங்கேதான் கோளாறு. போன முறை கிராஸ் போடும்போது ஸ்லிப்பை உருவியிருக்கிறார்கள், திரும்ப மாட்டும்போது பல் மாறிவிட்டது.

இது ஏன் முக்கியம் என்று விளக்குகிறேன். கிராஸ் ஜாயிண்ட் ஒரு கோணத்தில் சுற்றும்போது, கொடுக்கிற பக்கம் சீராகச் சுற்றினாலும் வாங்குகிற பக்கம் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். கோணம் 10 டிகிரி என்றால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரி ஆனால் 6 சதவீதம். அதனால்தான் ஷாஃப்டுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ். முதல் கிராஸ் உண்டாக்கும் குலுக்கலை இரண்டாவது கிராஸ் சமன் செய்துவிடும். அதற்கு இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரண்டு கிராஸிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். பல் மாறினால் முதலாவது கெட்டுவிடுகிறது. ஒன்றையொன்று தின்ன வேண்டிய குலுக்கல் மிச்சமாகி கிராஸையும் பினியனையும் அடிக்கிறது.

அம்புக்குறியை மட்டும் நம்ப வேண்டாம். ஷாஃப்டைக் கழற்றிச் சமதரையில் படுக்க வையுங்கள். இரண்டு முனை யோக்கின் காதுகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். எப்போதோ ஷாஃப்டை வெட்டி வெல்டிங் செய்த வண்டிகளில் அம்புக்குறியே தப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் மாற்றிய வண்டி என்பதால் உங்களுடையதிலும் அது நடந்திருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று: பின்னால் பட்டா ஷேக்கிள் (பட்டா ஸ்பிரிங்கைச் சேஸியோடு சேர்க்கும் இணைப்பு) நீளமாக மாற்றியிருக்கிறதா? 3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம்தான், பின் ஷாஃப்ட் மிகவும் குட்டை. பெரிய வண்டியில் இரண்டு அங்குலம் தூக்கினால் தெரியாதது, இதில் கோணத்தை நிறைய ஏற்றிவிடும்.

ஏலமலை ஜீப்

ஆமாம் சார், பாறையில் இடிக்கிறது என்று நீள ஷேக்கிள் போட்டிருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா? முதலில் கிராஸைக் கழற்றும் முறையைச் சொன்னால் நாளை இறங்கிவிடுவேன்.

தேனி பட்டறை

கிராஸ் வாங்குறதுக்கு முன்னாடி வெர்னியர் வச்சு அளந்துக்கோங்க. ஜீப் வழி வண்டிகள்ல சாதாரணமா வர்றது 1310 சீரிஸ், கப் விட்டம் 27 மி.மீ., முனைக்கு முனை 82 மி.மீ. கிட்ட. ஆனா உங்க வண்டியில யார் என்ன யோக் மாட்டி வச்சிருக்காங்களோ, பழைய கிராஸையும் கப்பையும் கையோட கடைக்குக் கொண்டு போறதுதான் நல்லது. நிப்பிள் (கிரீஸ் அடிக்குற வாய்) உள்ளதா வாங்குங்க. நிப்பிள் இல்லாததுல கம்பி உள்ளே துளை இல்லாம பலமா இருக்கும்னு சொல்லுவாங்க, அது நெசம்தான். ஆனா ஓடையில இறங்குற வண்டிக்கு, புகுந்த தண்ணியைக் கிரீஸ் அடிச்சு வெளியே தள்ளுற வழி வேணும்.

ஹவுசிங் பக்கம் யூ போல்ட் நட்டைக் கழட்ட அரை இஞ்ச் ஸ்பானர் எடுங்க. 13 போட்டா பொருந்துற மாதிரியே தெரியும், ஆனா இறுகிப்போன நட்டுல முனை மழுங்கிடும். கழட்டுறதுக்கு முன்னாடி யோக்குக்கும் ஷாஃப்டுக்கும் பெயின்டால கோடு போட்டுக்கோங்க. யூ போல்ட் வந்ததும் அந்தப் பக்கத்து ரெண்டு கப்பும் விழப்பாக்கும், டேப் சுத்திடுங்க.

இனி ஷாஃப்ட் வைஸ்ல. சர்க்ளிப்ல (கப் வெளியே வராம பிடிக்குற வளையம்) துரு இளக்கி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில கப் தலையில லேசா ஒரு தட்டு, கப் ஒரு மயிரிழை உள்ளே போனாப் போதும், சர்க்ளிப் மேல இருக்குற அழுத்தம் போயிடும். அப்புறம் பிளையர்ல சுலபமா வரும். வைஸோட ஒரு தாடையில கப்பை விடச் சின்ன சாக்கெட், எதிர்த் தாடையில கப் உள்ளே நுழையுற அளவு பெரிய சாக்கெட். இறுக்குங்க. ஒரு கப் பெரிய சாக்கெட்டுக்குள்ள வந்துடும். திருப்பி வச்சு கிராஸ் முனையையே தள்ளினா மத்த கப்பும் வரும். வைஸ் இடம் கொடுக்கலைன்னா லேத்துக்குக் கொண்டு போய் பிரஸ்ல தள்ளுங்க. யோக் காதைச் சுத்தியலால மட்டும் அடிக்காதீங்க. காது ஒரு இம்மி கோணினாலும் எத்தனை புது கிராஸ் போட்டாலும் நிக்காது.

துளையை நைஸ் எமரியால துடைச்சு, சர்க்ளிப் காடியில இருக்குற துருவைக் கம்பி முனையால சுரண்டி எடுங்க. புதுக் கப்பை விரலால தள்ளினா உள்ளே போயிடுதுன்னா துளை பெருத்துடுச்சு, அப்ப யோக் மாத்தணும்.

மாட்டுற இடத்துலதான் நிதானம் வேணும். ஒவ்வொரு கப்பையும் திறந்து ஊசி எல்லாம் சுவரோட ஒட்டி வரிசையா நிக்குதான்னு பாருங்க. கொஞ்சம் கிரீஸ் தடவினா சாயாது. கிராஸை யோக்குக்குள்ள வச்சு, நிப்பிள் ஷாஃப்ட் பக்கம் பாத்து இருக்கட்டும், இல்லேன்னா பின்னாடி கிரீஸ் கன் எட்டாது. ஒரு கப்பைப் பாதி தள்ளினதும் கிராஸைத் தூக்கி அதோட முனையை அந்தக் கப்புக்குள்ள விட்டுப் பிடிச்சுக்கோங்க. அப்பத்தான் ஊசி விழாது. பிறகு எதிர்க் கப். சர்க்ளிப் கடைசி அரை மி.மீ. உக்கார மாட்டேங்குதுன்னா மேல இறுக்காதீங்க. ஒரு ஊசி கப் அடியில படுத்துக் கிடக்கு, பிரிச்சுப் பாருங்க. இதைக் கவனிக்காம இறுக்கின கிராஸ் சீக்கிரமே முறியும்.

சர்க்ளிப் உக்காந்ததும் யோக்கை ஒரு மரக்கட்டையில வச்சு நைலான் சுத்தியால லேசா ஒரு தட்டு. அது மட்டும் போதும். கையால திருப்பினா எங்கேயும் பிடிக்காம திரும்பணும். மாட்டினதும் லித்தியம் ஈ.பி. 2 கிரீஸ், நாலு கப் சீல்லயும் வெளியே வர்ற வரைக்கும். மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா விடாதீங்க, அந்த முனையை அசைச்சு அசைச்சு அடிங்க. 5/16 யூ போல்ட்டை மாத்தி மாத்தி இறுக்குங்க, 20 நியூட்டன் மீட்டர் கிட்ட போதும். பலம் போட்டு இறுக்கினா கப் நசுங்கி ஊசி பிடிச்சுக்கும்.

மேட்டுப்பாளையம் லேத்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஷேக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி சமதரையில் தன் சக்கரத்தில் நிற்கும்போது, போனில் லெவல் பார்க்கும் ஆப்பைத் திறந்து டிரான்ஸ்பர் கேஸ் யோக்கின் முகத்திலும் பினியன் யோக்கின் முகத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒரு டிகிரிக்குள் ஒத்துவர வேண்டும். நீள ஷேக்கிள் ஹவுசிங்கையே லேசாகச் சுழற்றிவிடும். வித்தியாசம் அதிகம் என்றால் பட்டாவுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆப்பு பிளேட் வைத்துச் சரிசெய்யலாம். என் அபிப்பிராயம், பழைய அளவு ஷேக்கிளையே போட்டுவிடுவது நல்லது. உயரம் வேண்டும் என்றால் டயரில் பாருங்கள். கியர் பாக்ஸ் மவுண்ட் ரப்பர் அமுங்கியிருந்தாலும் கோணம் மாறும், அதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

ஏலமலை ஜீப்

வேலை முடிந்தது. கழற்றிய கப்பில் ஒன்றில் கிரீஸே இல்லை, காய்ந்த பழுப்புப் பசைதான். கிராஸின் முனையில் ஊசி ஊசியாகப் பள்ளம், நகத்தை வைத்தால் தட்டுகிறது. யோக் துளை நன்றாக இருக்கிறது. தரையில் வைத்துப் பார்த்ததில் அம்புக்குறி சரியாகவே இருக்கிறது, அதன்படியே மாட்டினேன். ‘டக்’ இல்லை, கீச் சத்தமும் இல்லை. ஐம்பதில் மட்டும் மெல்லிய அதிர்வு பாக்கி. அளந்ததில் மூன்று டிகிரி வித்தியாசம் வந்தது, பழைய ஷேக்கிளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கம்பம் டிரைவர்

அண்ணே, நடுவுல ஒரு சந்தேகம். மேல தோட்டத்துல பின் கிராஸ் ஒடைஞ்சு நின்னா எப்படிக் கீழே கொண்டு வர்றது?

தேனி பட்டறை

ஒடைஞ்ச ஷாஃப்டோட ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. சுழண்டு தரையில குத்தும், இல்லேன்னா பிரேக் பைப்பை அடிச்சு எடுத்துடும். சக்கரத்துக்கு நல்லாக் கட்டை கொடுத்துட்டு பின் ஷாஃப்ட் மொத்தத்தையும் கழட்டிடுங்க. இந்த வண்டியில யோக் டிரான்ஸ்பர் கேஸ்லயே நின்னுக்கும், ஆயில் ஒழுகாது. ஃப்ரண்ட் கியர் ஹை-ல போட்டா முன் சக்கரம் மட்டும் இழுக்கும். முன்னாடி ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை அச்சோட சேர்க்குற, பிரிக்குற பூட்டு) இருந்தா லாக் பண்ணிக்கோங்க. ஃப்ரண்ட் கியர் போட்டிருக்குற வரைக்கும் ஹேண்ட் பிரேக்கும் முன் ஷாஃப்ட் வழியாப் பிடிக்கும். ஃப்ரண்டை எடுத்துட்டா எதையும் பிடிக்காது, அதனால கீழே வர்ற வரைக்கும் ஃப்ரண்ட் கியரைத் தொடாதீங்க. மூட்டை, ஆள் எல்லாத்தையும் எறக்கிட்டு மெதுவா வாங்க. முன் சக்கரம் மட்டும் இழுக்குறப்ப செங்குத்து ஏத்தத்துல பிடி இருக்காது, இறக்கத்துக்குத்தான் இது.

தம்பி, ஏலமலை, சில நடை போயிட்டு வந்ததும் யூ போல்ட் நட்டை ஒருதரம் ஸ்பானர் வச்சுப் பாத்துடுங்க. ஓடையில இறங்கின அன்னிக்குச் சாயங்காலமே கிரீஸ் அடிங்க. வண்டியில ஒரு கிராஸ், நாலு சர்க்ளிப், ஒரு செட் யூ போல்ட் போட்டு வைங்க. பழைய யூ போல்ட்ல திருகு இழுத்திருந்தா அதையும் மாத்திடுங்க.