மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பது பயிற்சியாகுமா?

அரம்பிடித்த கை:
சேலம் மாவட்டத் தொழிற்பயிற்சி மாணவர்களைப் பற்றி ‘சேர்வராயன் சாரல்’ என்ற பெயரில் எழுதும் நண்பர் நேற்று இங்கே ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். பெரிய ஆலை ஒன்றை ஒரு நாள் சுற்றிக் காட்டி, தொழிலில் முன்னேறிய ஒருவரை அழைத்து வந்து ஒரு மணி நேரம் பேச வைத்தால், ஓராண்டு முழுவதும் பட்டறையில் அரம் பிடித்தும் வராத ஊக்கம் மாணவனுக்கு வந்துவிடுமாம். பிட்டர் பிரிவில், அதாவது இயந்திரப் பாகங்களை ராவிப் பொருத்தும் தொழிலில், பயிற்றுநராக இருந்தே தலை நரைத்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அவரே வெளியிட்ட படத்தைப் பாருங்கள். தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தரையில் தீட்டியிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இயந்திரம் கோட்டுக்கு அந்தப்புறம் எங்கோ ஓடுகிறது. வழிகாட்டி வாயசைப்பது தெரிகிறது. அந்த இரைச்சலில் முன்வரிசையைத் தாண்டி ஒரு சொல்கூடக் காதில் விழுந்திருக்காது என்பது ஆலைக்குள் நின்று பழகிய எவருக்கும் தெரியும். தொடாமல், அளக்காமல், ஒரு கேள்வி கேட்காமல் நின்றுவிட்டு வந்ததற்குப் பெயர் பயிற்சி என்றால், ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றவனுக்கும் தீபாவளித் துணி கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சேர்வராயன் சாரல்:
ஐயா, வணக்கம். நான் ‘பயிற்சி’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ‘ஊக்கம்’ என்றுதான் எழுதினேன். எங்களிடம் சேரும் பையன்களில் பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள் அல்லர் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வந்தவர்களும், வீட்டில் மேற்கொண்டு படிக்க வைக்க வசதியின்றி வந்தவர்களும் அவர்கள். இரும்புத் துண்டை ராவிவிட்டு, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளி கசிகிறதா பார் என்று சொன்னால், “இதெல்லாம் எதற்கு சார், இப்போது எல்லாம் மெஷினே செய்கிறதே” என்பான். அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் நின்று நான் சொல்லும் விடை அவன் காதில் ஏறுவதில்லை. ஆலையில் தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம் மாறினாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அளவு பார்க்கும் ஆட்களை நேரில் கண்ட பிறகுதான், மறுநாள் காலையில் அவன் தானாகவே மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்கினான். கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தான் என்பதா முக்கியம்?

அரம்பிடித்த கை:
அதுதான் முக்கியம். மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்கியவன் மறுவாரமும் வாங்கினானா என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

2022-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிட்டர் பிரிவின் முதலாண்டுக்கு 1200 மணி நேரம். அதில் செய்முறைக்கு மட்டும் 840, தொழிற்கோட்பாட்டுக்கு 240, வேலைவாய்ப்புத் திறனுக்கு 120. இதற்கும் மேலாக, அருகிலுள்ள ஆலையில் 150 மணி நேரம் பணியிடப் பயிற்சி கட்டாயம் என்றும், அதற்கு வாய்ப்பில்லாத இடங்களில் குழுவாக ஒரு திட்டப்பணி செய்து முடிக்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த 150 மணி நேரத்தில் மாணவன் கோட்டைத் தாண்டி உள்ளே போகிறான், ஒரு தொழிலாளியின் அருகில் நிற்கிறான், திட்டு வாங்குகிறான், கையில் எண்ணெய் படுகிறது. அதற்கு ஆலை ஆலையாக ஏறி இறங்கி அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கோ பேருந்தும் பதாகையும் போதும். எது எளிதோ அதைச் செய்துவிட்டு, அதுவே சிறந்தது என்று கட்டுரையும் எழுதுகிறார்கள்.

நெத்திமேட்டு வாசகி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒருவர் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறீர்கள், மற்றவர் ஊக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஊக்கம் என்று எதைக் கொள்வது, வருகைப் பதிவையா, தேர்ச்சியையா, படிப்பை முடித்தபின் அதே தொழிலில் நீடிப்பதையா என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நன்றாயிருக்கும் அல்லவா?

மேட்டூர் மின்னல்:
முடிவு செய்ய என்ன இருக்கிறது அம்மா, நானே அதற்குச் சான்று. எலக்ட்ரீஷியன் பிரிவில் படித்தபோது எங்களை மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். தலா 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் அங்கே ஓடின. 600 மெகாவாட் அலகு பின்னால் வந்தது. நாங்களும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்தான் நின்றோம். வகுப்பில் கரும்பலகையில் வட்டமும் கோடுமாக வரைந்து காட்டிய ஜெனரேட்டர், ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்த அன்றுதான், படித்து முடித்ததும் அப்ரண்டிஸாக, அதாவது ஆலையிலேயே வேலை பழகுபவனாக, சேர வேண்டும் என்று தீர்மானித்தேன், சேர்ந்தேன். 1934-இல் கட்டி முடித்த அணையையும் அதன் நீர்மின் நிலையத்தையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய இயந்திரம் மனத்தை என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அரம்பிடித்த கை:
தம்பி, உங்களை அப்ரண்டிஸாக ஏற்றுக்கொள்ள வைத்தது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம்; மஞ்சள் கோடு அன்று. அணையைப் பார்த்தே வளர்ந்தவருக்கு ஊக்கம் ஊரிலேயே இருந்திருக்கிறது, பேருந்து எதற்கு? உங்களோடு அதே கோட்டுக்குப் பின்னால் நின்ற மற்றவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்றும் எழுதுங்களேன்.

சங்ககிரி டீசல்:
ஆலையையாவது கண்ணால் பார்க்கலாம். சிறப்புப் பேச்சாளர் என்று அழைத்து வருகிறார்களே, அந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது? எங்களுக்கு ஒருவர் வந்தார். கோட்டு, டை, கையில் மைக்குடன் அரங்கின் நீளத்துக்கும் நடந்து, வாழ்க்கையில் வெல்வது எப்படி என்று முழங்கினார். டீசல் பம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் அவர் நடத்தும் ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கான துண்டறிக்கையை நாற்காலி நாற்காலியாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பொன்னாடை நாங்கள் போர்த்தினோம், விளம்பரம் அவருக்கு. சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் மேஸ்திரி ஒருவரை அழைத்திருந்தால் அன்று ஒருவனும் கொட்டாவி விட்டிருக்க மாட்டான். அணையைக் காட்டி ஆளை மயக்கும் மேட்டூர்க்காரருக்கு இது புரியாது.

மேட்டூர் மின்னல்:
லாரியைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டோம் என்று சபதம் எடுத்த ஊரிலிருந்து வரும் அறிவுரைக்கு நன்றி. எங்கள் அணையில் நீர் திறந்தால்தான் டெல்டாவில் நடவு. உங்கள் லாரி ஏற்றிப் போகும் நெல்லும் அதில் விளைந்ததுதான்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
மேஸ்திரியை அழைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என்னை ஒரு முறை வெல்டர் பிரிவு மாணவர்களுக்கு வேலை செய்து காட்ட அழைத்தார்கள். வெங்காரத்தைக் குழைத்து இணைப்பில் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் சங்கிலி முழுவதும் பரவவிட்டு ஊதினேன். வெங்காரம் முதலில் பொங்கும். பிறகு அடங்கிக் கண்ணாடிபோல் பளபளக்கும். அந்த நொடியில்தான் பொடி உருகி இடுக்கெல்லாம் ஓடும். வெள்ளி உருகக் கூடாது, பொடி மட்டும் உருக வேண்டும். வெல்டிங்கில் உலோகமே உருகிச் சேர்கிறது, பிரேஸிங்கில் நிரப்பி மட்டும் உருகுகிறது என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்த வேறுபாட்டை அந்தப் பிள்ளைகள் என் மேசைமேல் குனிந்து பார்த்தார்கள். எந்தக் கோடும் அங்கே இல்லை.

ஆனால் பின்வரிசையில் அமர்ந்திருந்த மூத்த பயிற்றுநர் ஒருவர், “நகை வேலை செய்பவர் வெல்டருக்கு என்ன சொல்லித் தரப் போகிறார்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதன் பிறகு என்னை யாரும் அழைக்கவில்லை. இந்தத் திரியைப் படிக்கும்போது அந்தக் குரல் நினைவுக்கு வருகிறது. அரம்பிடித்த ஐயா, அது நீங்கள்தானா?

அரம்பிடித்த கை:
யார் என்ன சொன்னார் என்பது இங்கே பேசுபொருள் அன்று. நீங்கள் எழுதியது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: மேசையருகே போக விட்டீர்கள், கற்றார்கள். கோட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால் பொங்கியது வெங்காரமா, பாலா என்றுகூடத் தெரிந்திருக்காது. சாரல் அவர்கள் இதற்கு நேரடியாக விடை சொல்லட்டும். அந்த ஆலையில் இயந்திரத்துக்கும் மஞ்சள் கோட்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
‘அது நான் இல்லை’ என்று நீங்கள் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

கஞ்சமலையான்:
கோடு, கோடு என்று இத்தனை முறை எழுதுபவருக்கு அது எதற்காகப் போடப்படுகிறது என்பது தெரியாமலா இருக்கும்? எங்கள் மலையடிவாரத்துச் சேலம் உருக்காலையில் 1981-இல் குளிர் உருட்டல் தொடங்கியது, 1995-இல் சூடான உருட்டல் வந்தது, 2010-இல் உருக்குவதும் இங்கேயே என்றானது. இருபது உருளைகளுக்கு நடுவே எஃகுத் தகடு பாய்ந்தோடும் சென்சிமிர் இயந்திரத்தின் பக்கத்தில் போய்ப் பதினேழு வயதுப் பையன் விரலை நீட்டட்டும் என்கிறீர்களா? கோடு மாணவனை அவமதிக்கவில்லை, அவன் கையைக் காப்பாற்றுகிறது. நாட்டின் நாணய வில்லைகளை வெட்டித் தரும் ஆலை தன் வீட்டு வாசலில் இருக்கிறது என்று ஒரு சேலத்துப் பையன் தெரிந்துகொள்வதே எனக்குப் போதும்.

அரம்பிடித்த கை:
உருக்காலையின் வரலாற்றை நான் கேட்கவில்லை. நான் பேசுவது படத்தில் உள்ள தனியார் ஆலையைப் பற்றி. அங்கே கோடு கையைக் காப்பாற்றியது என்றால் மகிழ்ச்சி; மூளையையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது என்பதுதான் என் குறை.

சங்ககிரி டீசல்:
ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதே படத் தொகுப்பின் இறுதியில் ஏற்காட்டு ஏரியில் படகு தெரிகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய் எந்த இயந்திரத்தைப் பார்த்தார்கள்? துடுப்பையா?

சேர்வராயன் சாரல்:
இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஏற்காட்டுக்கு ஒரு முறைகூடப் போகாத பையன்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அது கிடக்கட்டும். ஏரிக்கு முன்னால் ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போனோம். அந்தப் படத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை போலும். அறுவடைக் காலம். பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பரில் கொட்டைகள் நசுங்கி வெளியே விழுந்துகொண்டிருந்தன. உருளைக்கும் அதற்கு எதிரே இருக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு பக்கம் குறுகியிருந்ததுதான் காரணம். தோட்டத்து மெக்கானிக் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எங்கள் மாணவனிடமே இடுக்கில் செருகி இடைவெளியை அளக்கும் பீலர் கேஜைக் கொடுத்து அளக்கச் சொன்னார். இரு முனைகளிலும் அளவு வேறாக இருந்தது. திருகைச் சரிசெய்து மறுபடி ஓட்டியபோது கொட்டை முழுதாக விழுந்தது. வகுப்பில் ‘இதெல்லாம் எதற்கு’ என்று கேட்டவன் அவன்தான். அங்கே மஞ்சள் கோடு இல்லை ஐயா. இப்போது என்ன சொல்வீர்கள்?

அரம்பிடித்த கை:
இரண்டு சொல்வேன். கோடு இல்லாத இடத்தில்தான் கற்றான் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியானால் காலையில் அந்த ஆலைக்கு ஏன் போனீர்கள்? அடுத்து, இயந்திரத்தை நிறுத்தினார் என்கிறீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைப் பிடுங்கி, யாரும் மறுபடி போட்டுவிடாமல் பார்க்க ஆள் நிறுத்தினார்களா, அல்லது பொத்தானை அமுக்கியதோடு சரியா? கோட்டை மதிக்காதவர்கள் இதை மட்டும் மதித்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

கஞ்சமலையான்:
கோடு இருந்தால் மூளை வளராது, கோடு இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை. எப்படிப் போட்டாலும் பந்து உங்கள் பக்கமே விழுகிறது.

நெத்திமேட்டு வாசகி:
அந்த மாணவன் பிறகு வகுப்புக்கு ஒழுங்காக வருகிறானா என்று யாராவது சொல்லுங்களேன். என் தங்கை மகனும் இந்த ஆண்டு சேரப் போகிறான், அதனால்தான் கேட்கிறேன்.

அரம்பிடித்த கை:
சாரல் அவர்கள் என்னிடம் உதவிப் பயிற்றுநராக வந்து சேர்ந்தபோது வெர்னியர் அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது யாரிடம் என்பதை அவரே அறிவார். அப்போதும் இதே நிலைதான். தேய்ந்துபோன அரத்துக்குப் பதிலாகப் புது அரமும், ஹாக்சா பிளேடும் கேட்டு நான் எழுதாத கடிதம் இல்லை. நிதி இல்லை என்றே பதில் வந்தது. அதே ஆண்டில் பேருந்துக்கும் பொன்னாடைக்கும் நிதி இருந்தது. ஏரிப் படகுக்கான தொகையை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சேர்வராயன் சாரல்:
படகுக்குப் பையன்களே பணம் போட்டார்கள். உங்களிடம் கற்றதை நான் மறைத்ததில்லை. ஆனால் அரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன்: கிடங்கைச் சுத்தம் செய்தபோது எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்கப்படாத அரங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மாணவனுக்குக் கொடுத்தால் தேய்ந்துவிடும் என்று யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள்.

சங்ககிரி டீசல்:
இதற்குத் தனித் திரியே தொடங்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
நான் கேட்ட கேள்வியும் அப்படியே நிற்கிறது.

அரம்பிடித்த கை:
அந்த அரங்கள் நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவை. கிடங்குப் பதிவேட்டில் வரவுத் தேதி இருக்கும். அதைப் படம் எடுத்து இங்கே போட்டுவிட்டு மேற்கொண்டு பேசவும்.