மனக்காயத்தை ஆண்டவர் ஆற்றிய விதம்: உங்கள் அனுபவங்கள்

சகோதரி, பாளையங்கோட்டை

எட்டாம் மாதத்தில் பிள்ளையை வயிற்றிலேயே இழந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். "கர்த்தருடைய சித்தம்மா." "அழாதே, அவிசுவாசமாகிவிடும்." "அடுத்த வருஷமே தருவார் பாரு." கேட்டுக் கேட்டு அழுகையை உள்ளேயே அடக்கிக்கொண்டேன். ஆராதனைக்குப் போவேன், பாட வாய் வராது.

ஒரு மத்தியானம் எங்கள் ஐயரம்மா (சபைப் போதகரின் மனைவி) வந்தார்கள். அடுப்படியில் குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து 88ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். புலம்பலாகத் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் போய் முடியும். ஏமான் பாடிய இந்தச் சங்கீதம் அப்படி இல்லை, கடைசி வசனம் வரை இருட்டுதான். வாசித்து முடித்ததும், "இதுவும் வேதத்துலதான் இருக்கு. ஆண்டவர்கிட்ட இப்படியும் பேசலாம்மா" என்றார்கள். அன்றைக்குத்தான் என் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதேன்.

இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர்விட்டார் (யோவான் 11:35). அதை யாராவது அவிசுவாசம் என்பார்களா? துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் சரியாக வெகுநாள் ஆனது. டாக்டரிடமும் போனேன், மாத்திரையும் சாப்பிட்டேன். அதுவும் கர்த்தர் காட்டிய வழிதான்.

சகோதரர், திண்டுக்கல்

சகோதரிக்கு என் ஜெபங்கள். என் காயம் வேறு. கூடப்பிறந்த அண்ணனே ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி, அப்பா வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். அப்புறம் யாராவது "மன்னிச்சிடு" என்றாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஒரு தியானக் கூட்டத்தில் ஃபாதர், அருளாளர் பட்டம் பெற்ற ராணி மரியாவைப் பற்றிச் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் ஏழைகளுக்காக உழைத்த கன்னியாஸ்திரி. 1995 பிப்ரவரியில் பேருந்தில் போகும்போது குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற சமந்தர் சிங்கை, ராணி மரியாவின் சொந்தத் தங்கை சிஸ்டர் செல்மி 2002இல் சிறைக்கே போய்ப் பார்த்து, சகோதரனாக ஏற்று ராக்கி கட்டினார். எல்லாரும் ராக்கியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது நடுவில் போன அந்த ஏழு வருஷம். ஆண்டவர் அவசரப்படுத்துகிறவர் இல்லை என்று அன்றைக்கு நம்பினேன்.

அண்ணன் பெயரைச் சொல்லி தினமும் ஜெபமாலையில் பத்து மணிகள் சொல்கிறேன். ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், இப்போது அப்படி இல்லை. பேச்சுவார்த்தை இன்னும் கிடையாது. வழக்கும் நடக்கிறது. அதை வாபஸ் வாங்கச் சொல்லி ஃபாதரும் கேட்கவில்லை.