மலத்தில் கால்ப்ரொடெக்டின் 180: மகளுக்குக் கொலோனாஸ்கோபி தேவையா?

தேன்மொழி:
மகளுக்கு ஒன்பது வயது. சில மாதங்களாகத் தொப்புளைச் சுற்றி வலி. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சுருண்டு படுத்துவிடுகிறாள். எடை குறையவில்லை, மலத்தில் இரத்தமும் இல்லை. மலப் பரிசோதனையில் கால்ப்ரொடெக்டின் கிராமுக்கு 180 மைக்ரோகிராம் என்று வந்திருக்கிறது. அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கொலோனாஸ்கோபி என்று பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டுமா?

ஆய்வகச் செல்வி:
பதறாதீர்கள் அம்மா. கால்ப்ரொடெக்டின் என்பது நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களில் உள்ள புரதம். குடலில் அழற்சி வந்தால் அந்த அணுக்கள் அங்கே திரள்கின்றன. புரதம் மலத்தில் கலக்கிறது. 50-க்குக் கீழே இருந்தால் குரோன் நோய் போன்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. 250-ஐத் தாண்டினால் மருத்துவர் சும்மா விடமாட்டார். 180 இடைப்பட்டது. குடல் கிருமித்தொற்றும் இபுப்ரோஃபென் என்னும் வலி மருந்தும்கூட அதை ஏற்றிவிடும். அந்த மருந்து கொடுத்தீர்களா?

தேன்மொழி:
ஆமாம், பல்வலிக்கு. மாதிரி கொடுத்த அதே வாரத்தில்.

ஆய்வகச் செல்வி:
அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லக்கூடும். அப்போதும் அதே ஆய்வகத்திலேயே கொடுங்கள். கருவிக்குக் கருவி எண் மாறும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதை மற்றப் பெற்றோரும் கவனிக்கவும்.

ஒரு தந்தை:
என் மகனுக்குக் குரோன் நோய். முதலில் நின்றது உயரம். சட்டை அளவு மாறவே இல்லை. வலி இரவில் எழுப்பினாலோ, வளர்ச்சி நின்றாலோ, இரத்தம் தெரிந்தாலோ மறுபரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். கொலோனாஸ்கோபியை மயக்க மருந்து கொடுத்தே செய்தார்கள். அவனுக்கு வலி தெரியவில்லை.