பொருள்: கேமராவிலிருந்து ஃபோனுக்குப் படம் – ‘பரிமாற்றம்’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காடு கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்காகத் தயாராகும் ஒளிப்படக் கையேட்டில் “படப் பரிமாற்றம்” என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதை மாற்றிவிடலாம். பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. இங்கே கேமரா கொடுக்கிறது, ஃபோன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். “இடமாற்றம்” அதைவிட மோசம். படம் கேமராவை விட்டே போய்விடும் என்று படிப்பவர் பயப்படுவார். கார்டில் இருப்பது கார்டிலேயே இருக்கும், ஃபோனுக்குப் போவது நகல்தான். “பதிவிறக்கம்” இணையத்துக்கென்று நிலைத்துவிட்டது.

ஸ்டுடியோக்காரர்கள் “படம் இறக்கியாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். அதிலிருந்தே “படமிறக்கம்” என்று எடுத்துக்கொண்டால் என்ன? “படியிறக்கம்” என்றும் யோசித்தேன், படி என்றால் நகல் என்பது பழைய வழக்கு. ஆனால் மலைக்குப் போகிறவர் அதைப் படிக்கட்டு என்றுதான் படிப்பார்.

– அஸ்தம்பட்டியிலிருந்து

---

மறுமொழி: கேமராவிலிருந்து ஃபோனுக்குப் படம்

> “படமிறக்கம்” என்று எடுத்துக்கொண்டால் என்ன?

எனக்குச் சம்மதம். இறக்குவது வேறு, ஏற்றுவது வேறு என்பதைச் சொல்லே காட்டிவிடும். கொண்டை ஊசி வளைவுப் பக்கம் நின்றுகொண்டு, “டவர் இல்லீங்க, கேமரா படம் ஃபோனுக்கு வராது” என்பவர்கள் இருக்கிறார்கள். (வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது, அது தனிக்கதை.) கேமரா தானே ஒரு வைஃபையை உண்டாக்குகிறது, ஃபோன் அதில் சேர்கிறது. இதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போதுதான் இரண்டும் வேண்டும்.

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கேமராவின் வைஃபையில் இணையம் இருக்காது. ஆண்ட்ராய்டு ஃபோன் அதைக் கவனித்து, “இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?” என்று கேட்கும். பதில் சொல்லாமல் விட்டால் ஃபோன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், படம் பாதியில் நிற்கும். “தொடர்” என்று அழுத்த வேண்டும். அப்படியும் தாவினால் படம் இறங்கி முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஐஃபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் “உள்ளூர் வலையமைப்பு” என்று ஓர் அனுமதி கேட்கும். அவசரத்தில் “வேண்டாம்” என்று தட்டியிருந்தால், படத்தை இறக்கும் கேமரா நிறுவனத்தின் செயலிக்குக் கேமரா தெரியாது. செட்டிங்ஸில் போய்த் திறந்துவிட வேண்டும்.

இன்னொரு சொல்லும் வேண்டும். “கனெக்ட் ஆகல” என்பதில் இரண்டு கோளாறு ஒளிந்திருக்கிறது. புளூடூத்தில் கேமராவும் ஃபோனும் ஒருமுறை அறிமுகமாவது ஒன்று. ஒவ்வொரு முறையும் வைஃபையில் சேர்வது மற்றொன்று. முதலாவதை “இணைசேர்த்தல்”, இரண்டாவதை “இணைப்பு” என்று பிரிக்கலாம். வைத்தியமும் வேறு வேறு. இணைப்பு அறுந்தால் மேலே சொன்னதைச் செய்தால் போதும். இணைசேர்த்தல் கெட்டுப்போனால் ஃபோனின் புளூடூத் பட்டியலில் கேமராவை அழித்து, கேமராவின் பட்டியலில் ஃபோனையும் அழித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் சேராது. நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் போன்ற செயலிகளில் ஃபோனின் புளூடூத் பக்கத்துக்குப் போகாமல் செயலிக்குள்ளிருந்தே சேர்ப்பதுதான் முறை.

– ஏற்காட்டிலிருந்து

---

மறுமொழி: கேமராவிலிருந்து ஃபோனுக்குப் படம்

அண்ணா, “படமிறக்கம்” மட்டும் போதாதுங்க. எந்த அளவில் இறங்கியது என்று சொல்ல வார்த்தை இல்லை, குளறுபடி அங்கேதான் நடக்கிறது. நிக்கான் ஸ்னாப்பிரிட்ஜில் படம் எடுக்க எடுக்கத் தானாக வருவது 2 மெகாபிக்சல் நகல். ஃபோன் திரையில் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும். எல்லாம் வந்துவிட்டது என்று கார்டை ஃபார்மட் செய்துவிட்டால் முடிந்தது. 12×18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு அந்த நகலை விரித்தால் அங்குலத்துக்கு நூறு புள்ளிகூடத் தேறாது.

“சிறுபடம்” தம்ப்நெயிலுக்குப் போய்விட்டது, “குறும்படம்” சினிமாவுக்குப் போய்விட்டது. அதனால் அளவை விட்டுவிட்டுப் பயனை வைத்துப் பெயரிடலாம்: பகிர்வதற்காகச் சுருக்கிய நகல் “பகிர்படி”, கார்டில் உள்ள அளவிலேயே வருவது “முழுப்படி”. கேமரா பதப்படுத்தாமல் பதியும் ரா (RAW) கோப்பை “ரா” என்றே விடுவோம், அதற்கு “பச்சை” என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

– சூரமங்கலத்திலிருந்து

---

மறுமொழி: கேமராவிலிருந்து ஃபோனுக்குப் படம்

பகிர்படி நன்றாக விழுந்திருக்கிறது. கையேட்டின் அந்தப் பகுதியை இந்தச் சொற்களோடு திருப்பி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“நாலைந்து படம் மட்டும் உடனே பகிர வேண்டுமானால் வைஃபையில் பகிர்படியாக இறக்குங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, ரா கோப்பு வேண்டுமென்றாலோ கார்டு ரீடரைப் பயன்படுத்துங்கள். வைஃபையில் அவ்வளவையும் இறக்கினால் கேமரா பேட்டரிதான் தீரும். கேமராவை அணைத்த பிறகே கார்டை எடுக்கவும். ரீடரைச் செருகியும் ஒன்றும் தெரியவில்லையா? சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஓடிஜியை (ரீடர் போன்றவற்றை ஃபோனில் செருகிப் பயன்படுத்தும் வசதி) தனியே ஆன் செய்ய வேண்டும். 64 ஜிபி, அதற்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாத பழைய ஃபோன், ‘கார்டு பழுது, ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். கார்டு பழுதில்லை. அந்தப் பொத்தானைத் தொடாமல் ரீடரைக் கழற்றிவிடுங்கள்.

ஐஃபோனின் போட்டோஸ் செயலி, கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும், எட்டெழுத்துப் பெயர் கொண்ட படங்களை மட்டுமே காட்டும். கணினியில் போட்டு ‘கிளியூர் அருவி 1’ என்று பெயர் மாற்றிய கோப்பு அதன் கண்ணில் படாது.

முழுப்படியை வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அதுவே சுருக்கிப் பகிர்படியாக்கிவிடும். டாக்குமெண்டில் எடுத்த இடத்தின் குறிப்பும் சேர்ந்தே போகும். எஸ்டேட் வீட்டுப் படமென்றால் இருப்பிடத்தை நீக்கிவிட்டு அனுப்பவும்.”

ஒன்று பாக்கி: எடுக்க எடுக்கத் தானாக இறங்குவதற்கு என்ன சொல்வது? “தன்னிறக்கம்” காதில் ஒட்டவில்லை. “உடனிறக்கம்” என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். சூரமங்கலத்துக்காரர் வேறு ஏதாவது வைத்திருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.

– அஸ்தம்பட்டியிலிருந்து